இருந்தும் நின்றும்

சென்ற மார்கழியில் ஒரு நாள் மாலை, இதழின் கடைசி பாரத்துக்குரிய மெய்ப்பைத் திருத்திக் கையெழுத்திட்டு அனுப்பிவிட்டு, வீட்டுக்குப் புறப்படலாம் என்று நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி நான் எழுந்தபோது, இடுப்பில் தொடங்கி இடது தொடையின் பின்புறமாக முழங்கால் வரையில் பாய்ந்த ஒரு வலி, என்னை மறுபடியும் அந்த நாற்காலியிலேயே உட்காரவைத்துவிட்டது. முப்பத்திரண்டு ஆண்டுகளாகப் பிறர் எழுதியதைத் திருத்துவதே உத்தியோகமாக, மேசையின் முன்னால் தலையைக் குனிந்தவண்ணம் உட்கார்ந்திருந்த எனக்கு, உட்காருவதும் ஒரு தேக உழைப்புத்தான் என்பதும், அந்த உழைப்புக்கும் என்றோ ஒரு நாள் முதுகெலும்பு கணக்குக் கேட்கும் என்பதும் அன்றைக்குத்தான் உறைத்தது.

படம் எடுத்துப் பார்த்த எலும்பு மருத்துவர், முதுகெலும்பின் அடிப்பாகத்தில் ஒரு வட்டு சற்றே பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்று காட்டி, சில மாத்திரைகளை எழுதிக் கொடுத்துவிட்டு, “ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் உட்கார்ந்திருக்கிறீர்கள்?” என்று கேட்டார். காரியாலயத்தில் ஒன்பது மணி, போகவர வண்டியில் இரண்டு மணி, வீட்டில் சாப்பாட்டுக்கும் தொலைக்காட்சிக்குமாக இரண்டு மணி என்று மனத்துக்குள் கூட்டிப் பார்த்தபோது, பதின்மூன்று என்று வந்த தொகையை வாய்விட்டுச் சொல்லவே எனக்குத் தயக்கமாயிருந்தது. வலி தணிந்ததும் இடையிடையே நின்று வேலை செய்து பழகும்படி அவர் சொல்லி அனுப்பினார். “இடையிடையே” என்ற அந்த ஒரு சொல்லை மட்டும் நான் சரியாகக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

மறு வாரம், மார்பளவு உயரமுள்ள கோப்பு அலமாரி ஒன்றை ஜன்னலோரமாக நகர்த்தி, அதன் மேல் மெய்ப்புகளைப் பரப்பிக்கொண்டு நின்றபடியே திருத்தத் தொடங்கினேன். முதல் நாள் காலையிலேயே எங்கள் உதவியாளர் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனார். மூன்றாம் தடவை ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டே வந்துவிட்டார். “ஏன் ஐயா நின்னுக்கிட்டு இருக்கீங்க? உங்க நாற்காலியை யாராவது எடுத்துக்கிட்டாங்களா?” என்று அவர் கேட்ட குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. நம் நாட்டில் யார் உட்காருவது, யார் நிற்பது என்பதில் அந்தஸ்தின் முழு வியாகரணமும் அடங்கிக் கிடக்கிறது. பெரியவர் வந்தால் எழுந்து நிற்கிறோம்; முதலாளிக்கு முன்னால் கைகட்டி நிற்கிறோம்; வீட்டுப்பாடம் எழுதாத பையனை வாத்தியார் பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்துகிறார்; “உட்கார்ந்த இடத்தில் சம்பாதிக்கிறவர்” என்று பெண்ணுக்குப் பார்த்த மாப்பிள்ளையைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். அப்படியிருக்க, தலை நரைத்த ஒரு மனிதன் தன் நாற்காலியை விட்டு எழுந்து, கூலிக்காரனைப் போல் நின்றுகொண்டு வேலை செய்வதைப் பார்த்து அவர் பதறியதில் வியப்பில்லை.

மூன்று வாரங்கள் பிடிவாதமாக நின்றேன். இடுப்பு வலி குறைந்தது மெய்; ஆனால் அது குறையக் குறைய, குதிகாலில் முள் குத்துவது போன்ற ஒரு நோவும், ஆடுதசையில் ஒரு கனமும் வந்து சேர்ந்தன. காலையில் தளர்வாக இருந்த செருப்பு வார் மாலையில் தோலில் பதிந்து தடம் போட்டது. ஒரு நாள் அந்தத் தடத்தைக் குனிந்து தடவிக்கொண்டிருந்தபோதுதான், எத்தனையோ ஆண்டுகளாக நினைக்காத ஒரு மனிதரின் கால்கள் என் நினைவுக்கு வந்தன.

நான் இத்தொழிலுக்கு வந்த புதிதில், ஈய எழுத்துக்களைக் கையால் கோத்து அச்சடிக்கும் அச்சுக்கூடம் ஒன்றில் மெய்ப்புத் திருத்துபவனாக இரண்டு ஆண்டுகள் இருந்தேன். நீண்ட அந்தக் கொட்டகையின் ஒரு பக்கத்தில், சாய்வாக நிறுத்திய எழுத்துக் கேஸ்களின் முன்னால் கம்போசிட்டர்கள் வரிசையாக நிற்பார்கள். ஆங்கிலத்தைவிடத் தமிழுக்கு அறைகள் அதிகம் வேண்டுமாதலால், ஒருவருக்கு ஒரு கேஸ் போதாது. எதிரே இரண்டு, பக்கத்தில் ஒன்று, அபூர்வமாக வரும் எழுத்துக்களுக்கு இன்னொன்று என்று அவரைச் சுற்றிக் கேஸ்கள் இருக்கும். அவர்களுள் மூத்தவரை எல்லோரும் “மேஸ்திரி” என்றுதான் கூப்பிடுவோம். இடது கையில் எழுத்துக் கோக்கும் ஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டு, கண் கையெழுத்துப் பிரதியிலேயே இருக்க, வலது கை தானாகச் சென்று வேண்டிய அறையிலிருந்து வேண்டிய எழுத்தைக் கிள்ளி எடுத்து வரும் விந்தையை, மெய்ப்பு வரக் காத்திருக்கும் சமயங்களில் நான் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறேன். ஆனால் அதைவிட என் கவனத்தைக் கவர்ந்தது அவருடைய காலடியில் கிடந்த ஒரு மரக்கட்டைதான். செங்கல் உயரமுள்ள அந்தக் கட்டையின் மேல் சற்று நேரம் வலது காலை வைத்துக்கொள்வார். கோத்த எழுத்துக்களை அடுக்கும் தட்டாகிய “காலி” ஒன்று நிறைந்து, அடுத்ததைத் தொடங்கும்போது காலை மாற்றிக்கொள்வார். இருபது முப்பது ஆண்டுகள் மிதிபட்டு நடுவில் குழிந்து, எண்ணெய் தடவினாற்போல் மினுமினுத்த அந்தக் கட்டையை வேறு யாரும் தொடக்கூடாது. ஒரு காலைச் சிறிது உயர்த்தி வைத்தால் இடுப்பின் வளைவு தளர்ந்து முதுகுக்குச் சுமை குறைகிறது என்று இன்று உடலியல் வல்லுநர்கள் சொல்லும் விஷயத்தை, எந்தப் புத்தகத்தையும் படிக்காமலே, ஆயிரக்கணக்கான புத்தகங்களை எழுத்தெழுத்தாகக் கோத்த அந்த மனிதர் தம் உடம்பைக் கேட்டே கண்டுபிடித்துவைத்திருந்தார்.

கட்டை முதுகைக் காப்பாற்றியது. கால்களைக் காப்பாற்ற அதனால் முடியவில்லை. மதியச் சாப்பாட்டுக்காக அவர் சுவரில் சாய்ந்து வேட்டியை முழங்காலுக்கு மேல் ஏற்றிவிட்டுக்கொண்டு உட்காரும்போது பார்த்தால், இரண்டு கெண்டைக்கால்களிலும் நரம்புகள் நீலமாகப் புடைத்து, மண்புழுக்கள் போல் சுருண்டு கிடக்கும். கணுக்காலின் உட்புறத்தில் தோல் கறுத்து, ஆறாத ஒரு புண்ணில் எப்போதும் துணி சுற்றியிருக்கும். கம்போசிட்டர்களுக்கு ஸ்டூல் போட்டுக் கொடுத்தால் வேலை கெடும் என்பது அந்த அச்சுக்கூடத்தை நடத்தியவர்களின் உறுதியான அபிப்பிராயம். பத்தடி தூரத்தில், அதே வார்த்தைகளைத் திருத்திக்கொண்டு நான் நாள் முழுவதும் உட்கார்ந்திருந்தேன்; அவர் நாள் முழுவதும் நின்றிருந்தார். முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு என் முதுகும், அப்போதே அவர் கால்களும், ஒரே குற்றத்துக்காகத் தண்டனை அடைந்தன. ஒரே நிலையில் அசையாமல் கிடந்ததே அந்தக் குற்றம்.

இந்த உண்மை புதியதும் அன்று. இத்தாலியில் மோதெனா நகரத்து வைத்தியப் பேராசிரியராயிருந்த பெர்னார்தினோ ரமாத்சினி என்பவர், தொழில்களினால் உண்டாகும் வியாதிகளைப் பற்றி 1700-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், நின்று வேலை செய்பவர்களுக்குக் கால் நரம்புகள் புடைப்பதையும், உட்கார்ந்து வேலை செய்யும் தையற்காரர்களுக்கும் செருப்புத் தைப்பவர்களுக்கும் கூன் விழுவதையும் தனித்தனியே எழுதிவைத்தார். 1713-இல் அந்த நூலை விரிவாக்கியபோது, எழுத்து வேலை செய்யும் குமாஸ்தாக்களின் துன்பங்களையும் சேர்த்து, ஓயாமல் உட்கார்ந்திருப்பது, கையை ஒரே விதமாக அசைத்துக்கொண்டிருப்பது, பிழை நேராமலிருக்க மனத்தை இறுக்கிவைத்திருப்பது என்று மூன்று காரணங்களைக் குறித்தார். மூன்றாவது காரணத்தைப் படித்தபோது, மூன்று நூற்றாண்டுகளுக்கு அப்பாலிருந்து ஒருவர் என் தோளைத் தொட்டாற்போல் இருந்தது எனக்கு.

ஆயினும், உட்கார்ந்திருப்பதை இருதயத்தோடு சேர்த்துப் பேசும் வழக்கம் உலகத்தில் பரவியது இரண்டாவது மகாயுத்தத்துக்குப் பின்புதான். அதற்கு மூலபுருஷர் என்று ஜெரி மாரிஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவரைச் சொல்லலாம். லண்டன் மாநகரத்து மாடி பஸ்களில் அன்று ஓட்டுநரும் நடத்துநரும் ஒரே வண்டியில், ஒரே தெருக்களில், ஒரே புகையைச் சுவாசித்துக்கொண்டு போனார்கள். ஒருவர் உட்கார்ந்தே இருந்தார், மற்றவரோ டிக்கெட் கொடுப்பதற்காக நாளொன்றுக்கு ஏறத்தாழ ஐந்நூறு முதல் எழுநூற்றைம்பது படிகள் ஏறி இறங்கினார். இந்த இருவரையும் ஒப்பிட்டால் என்ன என்ற எளிய கேள்வியை அவர் எழுப்பினார். முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட போக்குவரத்துத் தொழிலாளரின் நோய்ப் பதிவுகளை ஆராய்ந்து 1953-இல் அவரும் அவருடைய கூட்டாளிகளும் வெளியிட்ட முடிவில், ஓட்டுநர்களைவிட நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாகவே வருகிறது என்பதும், வந்தாலும் திடீர் மரணத்தில் முடிவது குறைவு என்பதும் தெரிந்தன. தபால்காரர்களையும் தபால் இலாகாவில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களையும் ஒப்பிட்டபோதும் அதே கதைதான்.

மாரிஸை நான் மதிப்பதற்கு அடுத்தபடியாக அவர் செய்த காரியமே காரணம். தம் முடிவைத் தாமே சந்தேகித்து, அவ்விரு வகையினருக்கும் சீருடை தைப்பதற்காக எடுத்துவைத்திருந்த அளவுகளைத் தேடிப் பார்த்து, ஓட்டுநர்களின் கால்சட்டை இடுப்பளவு, வேலைக்குச் சேர்ந்த இளம் வயதிலேயே நடத்துநர்களினதைவிடப் பெரிதாக இருந்தது என்பதைக் கண்டுபிடித்து, 1956-இல் அதையும் ஒளிக்காமல் அச்சிட்டார். இருக்கை மட்டுமே குற்றவாளி என்று தீர்ப்பெழுத அவர் ஒப்பவில்லை. அவர் தொண்ணூற்றொன்பது வயது வரையில் வாழ்ந்தார்.

நடத்துநர் நின்றார் என்பதால் பிழைத்தார் என்று படிப்பவர்கள் பிறழ உணர்ந்ததுதான் பிற்காலத்துக் குழப்பங்களுக்கெல்லாம் வேர் என்று எனக்குத் தோன்றுகிறது. அவர் நின்றதால் அன்று, ஏறி இறங்கியதால் பிழைத்தார். கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் ஏழாயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளரைப் பன்னிரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஓர் ஆராய்ச்சி 2018-இல் வெளியாயிற்று. பெரும்பாலும் நின்றே செய்யும் தொழில்களில் இருப்பவர்களுக்கு, பெரும்பாலும் உட்கார்ந்து செய்பவர்களைவிட இருதய நோய் ஏறக்குறைய இரண்டு மடங்கு வந்தது என்று அது காட்டியபோது, நிற்பதையே சஞ்சீவியாகக் கருதியவர்கள் திகைத்துப்போனார்கள். என் மேஸ்திரியின் கால்களைப் பார்த்திருந்தால் அவர்கள் திகைத்திருக்க மாட்டார்கள். காலுக்கு இறங்கிய இரத்தத்தைப் புவியீர்ப்பை எதிர்த்து இருதயத்துக்கு ஏற்றி அனுப்புவது கெண்டைக்கால் தசை. அது சுருங்கி விரிந்தால்தான் இரத்தம் மேலே ஏறும். அசையாமல் நிற்கிறவனுடைய காலில் அந்தத் தசை வேலை செய்வதில்லை. இரத்தம் தேங்குகிறது, நாளங்களின் கதவுகள் தளர்கின்றன, நரம்பு சுருட்டிக்கொள்கிறது.

முதுகெலும்பின் கதையும் இதுவே. சுவீடனைச் சேர்ந்த ஆல்ஃப் நாகெம்சன் 1960-களில், உயிருள்ள மனிதரின் முதுகு வட்டுக்குள் ஊசியைச் செலுத்தி அழுத்தத்தை அளந்து, நிற்பதைவிட உட்காருவதில் அழுத்தம் அதிகம் என்று சொன்னார். நெடுங்காலம் அதுவே வேதவாக்காக இருந்தது. 1999-இல் ஜெர்மனியின் உல்ம் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் ஒரே ஒரு தொண்டரின் வட்டில் அளவுகருவியைப் பதித்து, உறக்கம் உட்பட ஏறக்குறைய ஒரு நாள் முழுவதும் அளந்தபோது, இயல்பாக உட்காருவதிலும் இயல்பாக நிற்பதிலும் அழுத்தம் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தது. இரண்டு ஆராய்ச்சிகளும் முரண்படுகின்றனவே என்று நான் கவலைப்படவில்லை. வட்டுக்குள் இரத்தக் குழாய்கள் இல்லை. பஞ்சு அழுத்தும்போது நீரை விட்டு, விடும்போது நீரை உறிஞ்சுவது போலத்தான் அது தன் ஆகாரத்தைப் பெறுகிறது. ஆகவே அழுத்தம் மாறிக்கொண்டே இருப்பதுதான் அதற்குச் சோறு.

மாற்றம் எவ்வளவு சொற்பமாயிருந்தாலும் பயன் உண்டு என்பதற்கு ஆஸ்திரேலியாவில் டேவிட் டன்ஸ்டனும் அவருடைய குழுவினரும் 2012-இல் வெளியிட்ட ஆராய்ச்சி நல்ல சாட்சி. உடற்பருமன் மிகுந்த பத்தொன்பது பேரைச் சர்க்கரை மிகுந்த பானம் ஒன்றைக் குடிக்கச் செய்து உட்காரவைத்து, இருபது நிமிஷத்துக்கு ஒரு முறை இரண்டே நிமிஷம் மெதுவாக நடக்கவைத்தபோது, எழாமலே உட்கார்ந்திருந்த நாளைவிட இரத்தச் சர்க்கரையின் ஏற்றம் சுமார் கால் பங்கு குறைந்தது. நீரிழிவு வீட்டுக்கு வீடு விருந்தாளியாக வந்து தங்கிவிட்ட நம் நாட்டில் இந்த இரண்டு நிமிஷத்தை அற்பமாக எண்ணலாகாது.

இனி, மேசை. பொத்தானை அழுத்தினால் மின்விசையால் உயர்ந்தும் தாழ்ந்தும் கொடுக்கும் மேசைகள் இன்று சென்னையில் பல கம்பெனிகளில் வந்துவிட்டன. அவற்றால் பயன் உண்டா என்றால், உண்டு. இங்கிலாந்தின் லெஸ்டர் நகரத்தில் மருத்துவமனை அலுவலகங்களில் வேலை செய்யும் 146 பேரிடம் நடத்திய பரிசோதனையில், அத்தகைய மேசையும் ஆலோசனையும் பெற்றவர்கள், பெறாதவர்களைவிட ஓராண்டின் முடிவில் நாளொன்றுக்குச் சராசரி 83 நிமிஷம் குறைவாக உட்கார்ந்தார்கள். அதே வழியில் 756 நகராட்சி ஊழியரிடம் நடத்தி 2022-இல் வெளியிட்டதில், ஆலோசனை மட்டும் பெற்றவர்களுக்கு 22 நிமிஷமும், மேசையும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு 64 நிமிஷமும் குறைந்தன. மேசையை வாங்கிப் போட்டுவிட்டால் உடம்பு இளைத்துவிடும் என்று நம்புகிறவர்களுக்கு மட்டும் ஒரு கணக்கைச் சொல்ல வேண்டும்: உட்காருவதைவிட நிற்பதற்கு நிமிஷத்துக்குச் சுமார் 0.15 கலோரிதான் அதிகம் செலவாகிறது. ஆறு மணி நேரம் நின்றாலும் ஓர் இட்லியின் அளவுக்கு மேல் தேறாது.

அத்தகைய மேசைக்கு விலை கொடுக்க முடியாதவர்களுக்கு என் ஜன்னலோர அலமாரி போதும். மடக்கிய முழங்கை செங்கோணத்தில் நிற்கும் உயரத்தில் பலகை இருக்க வேண்டும். கம்ப்யூட்டர் திரையின் மேல்விளிம்பு கண்ணின் மட்டத்துக்கு வர வேண்டும். வெறும் சிமெண்டுத் தரையில் நில்லாமல், கோணிச் சாக்கை நான்காக மடித்தாவது காலுக்குக் கீழே போட்டுக்கொள்ள வேண்டும். மேஸ்திரியின் கட்டையை மறக்கக்கூடாது. முதல் வாரத்திலேயே மணிக்கணக்காக நிற்க முயன்று நான் பட்ட அவஸ்தையை வேறு யாரும் பட வேண்டாம். 2015-இல் இங்கிலாந்து நிபுணர் குழு ஒன்று கூறியபடி, அலுவலக நேரத்தில் நிற்பதும் நடப்பதுமாக முதலில் மொத்தம் இரண்டு மணி நேரம், பழகியபின் நான்கு மணி நேரம் என்ற அளவே போதுமானது. அதையும் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்துக்கொள்வதே உத்தமம். எந்த வேலைக்கு எந்த நிலை என்பதை அவரவர் உடம்பே சொல்லும். அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வே கியூபாவில் தம் வீட்டுப் புத்தக அலமாரியின் மேல் தட்டச்சுப் பொறியை வைத்து நின்றபடியே எழுதினார் என்பது பிரசித்தம். என் அனுபவத்தில், நீண்ட வாக்கியங்களை எழுதுவதற்கு உட்கார்ந்தே ஆக வேண்டியிருக்கிறது. எழுதியதை ஈவிரக்கமின்றி வெட்டுவதற்கு நின்றால்தான் கை வருகிறது.

நம் முன்னோர்களின் கணக்குப்பிள்ளை, முழங்கால் உயரமுள்ள சாய்வுப் பெட்டியைத் தரையில் வைத்துக்கொண்டு எழுதிய காலத்தில் இந்தப் பிரச்னையே எழவில்லை என்று சிலர் சொல்வதுண்டு. முழுவதும் ஒப்புக்கொள்ள முடியாவிட்டாலும், அதில் ஒரு பொருள் இருக்கிறது. தரையில் உட்காருகிறவன் சம்மணத்தைப் பிரித்து, ஒரு காலைக் குத்திட்டு, பக்கவாட்டில் மடக்கி, ஓயாமல் நிலை மாறிக்கொண்டே இருக்கிறான்; எழுந்திருக்கும்போதெல்லாம் தன் முழுக் கனத்தையும் தூக்குகிறான். ஆப்பிரிக்காவில் தான்சானியா நாட்டின் ஹட்சா என்னும் வேட்டைக் குடியினர், நகரவாசிகளைப் போலவே பகலில் ஏறக்குறைய பத்து மணி நேரம் ஓய்வாக இருந்தாலும், குத்துக்காலிட்டும் மண்டியிட்டும் இருப்பதால் அவர்களுடைய கால் தசைகள் அந்த ஓய்விலும் விழித்திருக்கின்றன என்று 2020-இல் ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. நாற்காலி நம்மிடமிருந்து பறித்துக்கொண்டது அந்த விழிப்பைத்தான்.

ஆனால் இந்த விஷயத்தை ஆராய ஆராய, என் மனத்தை உறுத்தியது வேறொன்று. விருப்பப்படி நிற்கலாம் என்ற சலுகையை மேசைக்காரர்களாகிய எங்களுக்கு விலையுயர்ந்த இயந்திரத்தால் செய்து தருகிற இதே ஊரில், விருப்பப்படி உட்காரலாம் என்ற சலுகை கடைச் சிப்பந்திகளுக்குச் சட்டம் போட்டுத்தான் வர வேண்டியிருந்தது. இங்கிலாந்தில் 1899-ஆம் ஆண்டிலேயே, கடைகளில் வேலை செய்யும் பெண்கள் மூவருக்கு ஓர் இருக்கையாவது இருக்க வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. நம் அண்டையிலுள்ள கேரளத்தில், கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் தையற்கடைத் தொழிலாளியாயிருந்த விஜி என்ற பெண்மணியும் அவர் கட்டிய “பெண்கூட்டு” என்னும் சங்கமும், கழிப்பறை கேட்டுத் தொடங்கி, உட்காரும் உரிமை கேட்டுப் பல ஆண்டுகள் போராடிய பிறகு, 2018-இல் அங்கே சட்டம் திருத்தப்பட்டது. தமிழ்நாட்டில் 1947-ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற புதிய பிரிவைச் சேர்க்கும் மசோதா 2021 செப்டம்பரில் சட்டமன்றத்துக்கு வந்து நிறைவேறியது. வேலைக்கு நடுவே கிடைக்கும் எந்தச் சந்தர்ப்பத்திலும் உட்கார்ந்துகொள்ளும்படி ஊழியர் எல்லோருக்கும் தக்க இருக்கை வசதி இருக்க வேண்டும் என்று அது விதிக்கிறது. நிலையை மாற்றிக்கொள்ளும் சுதந்தரத்தை ஓர் உரிமையாகச் சட்டப் புத்தகத்தில் ஏற்றிய அந்த வரிகளை, நான் படித்த எந்த வைத்திய நூலுக்கும் மேலானதாகவே கருதுகிறேன்.

பொங்கலுக்கு முந்திய வாரம் ஒரு ஜவுளிக் கடைக்கு மனைவியோடு போயிருந்தேன். சேலைப் பகுதியில் கல்லா மேசைக்குப் பின்னால், சட்டம் சொன்னபடியே, பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்று இருந்தது. அதன் மேல் பிரித்துக் காட்டிய சேலைகள் மார்பளவுக்கு அடுக்கியிருந்தன. எங்களுக்குச் சேலை காட்டிய பெண்ணுக்கு இருபது வயதிருக்கும். பில் வருவதற்குச் சற்று நேரமாயிற்று. “உட்காரும்மா, நாங்க ஒன்னும் நினைச்சுக்க மாட்டோம்” என்றாள் என் மனைவி. அந்தப் பெண் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டு, அடுக்கைத் தூக்கி மேசை மேல் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். செருப்பில்லாத பாதங்களை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, கட்டைவிரலால் மற்றக் காலின் குதியை அழுத்தித் தேய்த்துக்கொண்டாள். அடுத்த பகுதியிலிருந்து யாரோ மேற்பார்வையாளர் பேசிக்கொண்டு வரும் குரல் கேட்டதும், எழுந்து, சேலைகளை மறுபடியும் ஸ்டூலின் மேல் ஒவ்வொன்றாக அடுக்கத் தொடங்கினாள்.